இவ்வளவு தூரம் வந்துவிட்டு: சென்னையிலிருந்து பனிமலைக்கு எந்த மாதம், எந்தச் சரிவு?

எங்கள் குழுவில் ஆறு பேர். வார இறுதியில் விடியற்காலை பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்போம். மாதம் ஒருமுறை முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்குவோம். இமயமலைக்குப் போய்ப் பனியில் நடப்பது என்று முடிவாகி மூன்று மாதம் ஆகிறது. போவது உறுதி. எங்கே, எப்போது என்பதில்தான் இழுபறி.

ஜான்சன் அண்ணனுக்குக் கிறிஸ்துமஸை ஒட்டிய வாரம்தான் வசதி. அவர் கேதார்கண்டா என்கிறார். ரேவதி அக்கா பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் சேர்த்து தயாரா புக்யால் போகலாம் என்கிறார். என் சித்தி மகன் கார்த்திக்கு ரூபின் கணவாய் மேல் கண். அது மே மாதம். அவனுடைய நண்பன் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்று வீடியோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். எனக்கு பிப்ரவரி கடைசியில் பிரம்மதால் போக ஆசை. மார்ச்சில் வங்கிக்காரர்கள் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. "நீதானே எல்லாத்தையும் படிச்சு வைக்கிற, நீயே ஒப்பிட்டு எழுதிக் குடு" என்று அக்கா சொல்லிவிட்டார். ஆறு பேருக்காக எழுத ஆரம்பித்தது இது. நம் ஊரிலிருந்து முதன்முறையாகப் பனிக்குக் கிளம்பும் யாருக்கும் உதவும் என்று தோன்றியதால் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

மலையேற்றம் கூட்டிப்போகிறவர்கள் உயரம், தூரம், நாள், கட்டணம் எல்லாம் போட்டு, பக்கத்தில் 'எளிது' அல்லது 'நடுத்தரம்' என்று எழுதியிருப்பார்கள். பனிச்சரிவை, அதாவது மலையில் கிடக்கும் பனி பெயர்ந்து வந்து ஆளை மூடுகிற ஆபத்தை, நினைத்து முடிவெடுக்க அந்த விவரங்கள் போதாது. நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். அந்த மாதத்தில் அங்கே கிடக்கிற பனி எப்படிப்பட்டது? நடக்கிற வழியும் அதற்கு மேலே நிற்கிற மலையும் எவ்வளவு சாய்வு? பாதியில் திரும்பவேண்டி வந்தால் நமக்கு மனசு வருமா? சென்னைக்காரர்களுக்கு மூன்றாவது கேள்விதான் கடினம் என்பது என் அனுபவம்.

மாடிப்படியும் தாம்பாளமும்

முதலில் சாய்வு. பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் கிளம்புகின்றன. 38 டிகிரியை ஒட்டிய சரிவுகளில் மிக அதிகம். அதைவிட ரொம்பச் செங்குத்தான இடத்தில் பனி பெரிதாகச் சேர்வதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். 25 டிகிரிக்குக் கீழே பெயர்வது அரிது. எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்கவில்லை. அதனால் போனில் கோணம் அளக்கும் செயலியைத் திறந்து, எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டின் கைப்பிடிமேல் வைத்துப் பார்த்தேன். 32 டிகிரி. பால் பாக்கெட் வாங்க தினமும் ஏறி இறங்குகிற சாய்வு அது. அந்த அளவு சாய்ந்த வெள்ளைச் சரிவைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. ஏறிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆளை மூடுகிற சரிவு அப்படித்தான் இருக்கும் என்பதை நாங்கள் ஆறு பேரும் அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்துப் பழகிக்கொண்டோம்.

நாம் நிற்கும் இடம் சமதளமாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. வழி ஓடைப் பள்ளத்தில் போகிறது என்றால், தலைக்கு மேலே அரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற சரிவையும் நம் வழியின் பகுதியாகத்தான் கணக்கில் வைக்கவேண்டும்.

அடுத்தது பனி. தமிழில் நமக்கு எல்லாமே பனிதான். மார்கழி விடியலில் கோலத்தின் மேல் இறங்குவதும் பனி, மலையில் பொழிவதும் பனி. மலைப்பனி என்பது ஒரே பொருளாக வெள்ளையாகக் கிடக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பர் கடைசியில் கேதார்கண்டா போனபோதுதான் அந்த எண்ணம் போனது.

மதியச் சாப்பாட்டுக்காக மரங்கள் முடிகிற ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் தன் நடைக்கோலைத் தலைகீழாகப் பிடித்துப் பனியில் குத்தினார். மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் கோல் இறங்கவே மறுத்தது. உடம்பைச் சாய்த்து அழுத்தியதும் சட்டென்று, தடையே இல்லாமல், தரைவரை போய் முட்டியது. கையால் தோண்டி அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையுறையில் போட்டார். பிடித்துப் பார்த்தேன், உருண்டையாகவில்லை. விரலிடுக்கில் பொலபொலவென்று ஓடிவிட்டது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, பட்டை தீட்டியதுபோல் மின்னியது. "சீனி" என்றார். இந்தியிலும் அதுதான் பெயர். எங்கள் அம்மா திருநெல்வேலிக்காரர். தெருவே அஸ்கா என்று சொன்னாலும் எங்கள் வீட்டில் சீனிதான். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பிறகு எதிரே இருந்த திறந்த சரிவைக் காட்டி, கையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வழுக்கிக் காண்பித்தார். அதைத் தவிர்த்து மரங்களுக்குள்ளேயே சுற்றிக் கூட்டிப்போனார். முக்கால் மணி நேரம் கூடுதலாக நடந்தோம்.

அந்தச் சீனி எப்படி உண்டாகிறது? பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேலே தெளிந்த இரவில் மைனஸ் 15 வரை போகும். பனி இரண்டு ஆள் உயரத்துக்குக் கிடந்தால் இந்த வித்தியாசம் பரவிப் போய்விடும். அரை மீட்டர்தான் கிடக்கிறது என்றால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 3 டிகிரி வித்தியாசம் வரும். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருக்கிற ஈரம் ஆவியாகி மேலே நகர்ந்து, பனிமணிகள் ஒட்டும் தன்மையை இழந்து, பட்டை பட்டையான சீனியாக மாற ஆரம்பிக்கும். ஆக, பனி கொஞ்சமாகக் கிடப்பதும் நாள்கணக்கில் வானம் தெளிவாக இருப்பதும் பின்னால் வரப்போகிற ஆபத்துக்கு அடித்தளம் போடுகின்றன. சுற்றுலாப் பயணிக்கு அவை நல்ல நாட்கள். பனிக்கு அப்படி இல்லை.

ஊருக்கு வந்ததும் அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளத்தில் இதைச் செய்து பார்த்தேன். அடியில் ஈரத்துணி விரித்தேன், இல்லாவிட்டால் பாத்திரமே வழுக்கும். அதன்மேல் சீனியைப் பரவலாகத் தூவி, அதற்கு மேலே கோதுமை மாவைக் கொட்டி உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன். பிறகு மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போனால் ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது. 'அதான் நிக்குதே' என்று தோன்றுகிற நேரத்தில் மாவின் நடுவில் ஒரு விரலை வைத்து அழுத்தினேன். விரல் வைத்த இடத்தில் பள்ளம் விழவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே குறுக்கே கோடு ஓடி, மாவு முழுவதும் ஒரே பாளமாகக் கிளம்பி வந்து தரையில் கொட்டியது. சீனி இல்லாமல் மாவை மட்டும் வைத்துச் செய்தால், அதே சாய்வில் அசையாமல் நின்றது. கார்த்தி நாலு முறை செய்து பார்த்தான். அதற்குப் பிறகு அவனிடம் இதைப் பற்றி நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அந்த விரல் நாம்தான். பனிச்சரிவில் சிக்கியவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான். புதைந்தால் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தாக வேண்டும். அரை மணி தாண்டினால் பிழைக்கிற வாய்ப்பு சரிந்துவிடும். ஹெலிகாப்டர் வரும்வரை பனி காத்திருக்காது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாலு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிழைக்கவில்லை. அன்றைக்கு ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

மார்கழி: கேதார்கண்டா

உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறுகிறோம். உச்சி சுமார் 3,800 மீட்டர். முதல் இரண்டு நாள் பைன், ஓக் காடு. ஜூடா கா தலாப் என்ற குளம் உறைந்து கிடக்கும். காடு அடர்ந்திருக்கிற வரை வழி பெரும்பாலும் நல்ல பாதுகாப்பு.

டிசம்பர் கடைசியில் பனி நிறைய இருக்கவேண்டும் என்பதில்லை, சில வருடம் உச்சியை ஒட்டித்தான் இருக்கும். மொத்தப் பனி குறைவு என்பதால் பெரிய பனிச்சரிவுகளுக்கான சரக்கும் குறைவு. ஆனால் நான் சொன்ன சீனி உருவாகும் மாதம் இதுதான். மரங்கள் முடிந்த பிறகு உச்சிக்குப் போகிற கடைசி ஏற்றம், எங்கள் மாடிப்படியைவிடச் சாய்வான துண்டுகளைக் கொண்டது. அதை இருட்டில், விடியலுக்கு முன், தலைவிளக்கோடு ஏறுவார்கள். இருட்டில் சரிவின் முகம் தெரியாது.

எனக்கு இதில் பிடிக்காதது கூட்டம். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வரிசை கட்டி ஏறுகிறார்கள். இத்தனை பேர் போகிறார்களே, நாமும் போகலாம் என்று மனம் சொல்லும். பனிக்குக் கூட்டம் தெரியாது. முந்தைய நாள் நூறு பேர் நடந்த சரிவு, ராத்திரி காற்றடித்துப் புதுப் பனி சேர்ந்த பிறகு வேறு சரிவு. தவிர, நாலு நாள் நடையின் மொத்த அர்த்தமும் அந்த ஒரு உச்சியில் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே போகாவிட்டால் போகாத மாதிரிதான் என்ற உணர்வு வந்துவிடுகிறது. அதை நானே அனுபவித்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

தை: தயாரா, குல்மார்க்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மார்கழியில் தரையோடு உருவான சீனி, தையிலும் அங்கேயே கிடக்கிறது. அதன்மேல் மேற்கத்திய இடையூறுகள் (குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மழை மேகக் கூட்டங்கள்) ஒன்றன்பின் ஒன்றாக வந்து புதுப் பனியைக் கொட்டுகின்றன. தாம்பாளத்தில் மாவு கொட்டுகிற மாதம் இது. எனவே ஜனவரியில் எங்கே போகிறோம் என்பதில் சாய்வுக்குத்தான் முதல் மதிப்பெண்.

அந்த வகையில் தயாரா புக்யாலைத் தாண்டி ஒன்றை நான் பார்க்கவில்லை. புக்யால் என்றால் மலைமேல் புல்வெளி. மழைக்காலத்தில் எருமைகள் மேய்கிற இடம். 3,400 மீட்டரைச் சுற்றி அலை அலையாகப் படுத்துக்கிடக்கிற வெளி. ரைத்தல் கிராமத்திலிருந்து காட்டுக்குள் ஏறி வெளியே வந்தால், எதிரே பந்தர்பூஞ்ச். வெளியில் பெரும்பகுதி 25 டிகிரிக்குக் கீழேதான். எல்லா இடமும் அப்படி என்று சொல்லமாட்டேன். வெளிக்கு மேலே உள்ள முகடுகளை நெருங்கும்போது சாய்வு கூடுகிறது, நடுநடுவே சின்ன ஓடைப் பள்ளங்களும் உண்டு. ஆனால் அந்த முகட்டை விட்டுவிட்டாலும் ஒன்றும் குறையாது. காட்டை விட்டு வெளியே வந்த முதல் மணி நேரத்திலேயே வந்த வேலை முடிந்துவிடுகிறது. எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். இந்தப் பட்டியலில் வேறு எந்த இடத்துக்கும் இந்தக் குணம் இல்லை.

குல்மார்க் வேறு கதை. ஊர் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்கிற கேபிள் காரில் இரண்டு கட்டமாக ஏறினால் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். நடந்து ஏறுகிறவன் மூன்று நாள் பனியைக் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவான். கோண்டோலாவில் போகிறவனுக்கு அந்த அறிமுகமே கிடையாது, கதவு திறந்ததும் சரிவின் தலையில் நிற்பான். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் அங்கேதான் இறந்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். ரோந்துக் குழு பார்த்துக்கொள்ளும் எல்லைக்கு வெளியே இருக்கிற வெளி எவ்வளவு கெட்டிக்காரர்களையும் விடாது.

இருந்தாலும் குல்மார்க்கை ஒரேயடியாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. வருகிறவர்களுக்காகப் பனியைத் தினமும் பார்த்து நிலவரம் சொல்ல ஒரு ரோந்துக் குழு அங்கே இருக்கிறது, மற்ற இடங்களில் அந்த வசதி இல்லை. கீழேயுள்ள மென்சரிவில் ஒரு வாரம் சறுக்கக் கற்றுக்கொள்வது மட்டும்தான் திட்டம் என்றால் நல்ல திட்டம். முதல் கட்டத்துக்கு மேலே டிக்கெட் எடுக்கமாட்டோம் என்று சென்னையிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்பவேண்டும். அங்கே போய், வெயிலும் வெள்ளையும் கண்ணைப் பறிக்கும்போது, முடிவெடுக்க முடியாது.

உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின்மேல் நடக்கிற சாதர் பயணத்தை யாரோ கேட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் நேரே 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகருக்கு. பிறகு மைனஸ் 20-ஐத் தாண்டுகிற இரவுகள். வழி முழுக்க இருபுறமும் செங்குத்துச் சுவர் கொண்ட பள்ளத்தாக்கு. ஐஸ் உடைவது தனி ஆபத்து. முதல் பனிப் பயணமாக நான் அதைச் சொல்லமாட்டேன்.

மாசி: பிரம்மதால்

சமோலி மாவட்டத்தில் லோஹாஜங்கிலிருந்து கிளம்பி, பேகல்தால், பிரம்மதால் என்று இரண்டு ஏரிகளைத் தொட்டு, 3,700 மீட்டர் உயர முகட்டில் நடக்கிற பயணம். திரிசூலும் (7,120 மீட்டர்) நந்தா குண்டியும் (6,309 மீட்டர்) கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும். பனி இடுப்பளவுக்குக் கூடக் கிடக்கும். நாள் செல்லச் செல்ல பனி படிந்து கெட்டிப்படும், ஆழம் கூடியதால் சீனி உருவாவது குறையும், தெற்கு பார்த்த சரிவுகள் பகலில் உருகி இரவில் உறைந்து ஓடு கட்டும். இதெல்லாம் நல்லது. அதனால்தான் எனக்கு மாசி பிடிக்கும்.

முகட்டு வழி என்பதால் தலைக்கு மேலே பெரிய சரிவுகள் குறைவு என்பது இன்னொரு பலம். ஆனால் முகட்டில் வேறொன்று இருக்கிறது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி, மறுபக்க விளிம்பில் ஒட்டவைத்து, வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு நீட்டியதுபோல் கட்டிவிடும். மேலே நடக்கிறவருக்கு அது தரைபோலவே தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது. விளிம்பிலிருந்து சில மீட்டர் உள்ளேயே நடக்கவேண்டும், படம் எடுக்கவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. அந்தச் சன்ஷேடுக்குக் கீழே, காற்று மறைவுப் பக்கத்தில்தான் பனி பாளம் பாளமாகச் சேர்ந்திருக்கும். பனியே பொழியாத நாளிலும் காற்று மட்டும் அடித்து ஒரு சரிவை ஆபத்தாக்கிவிட முடியும்.

மாசி என்றால் பனிப்பொழிவு முடிந்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். 2025 பிப்ரவரி 28 காலை, இதே சமோலி மாவட்டத்தில் பத்ரிநாத்துக்கு மேலே மாணாவில், எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாம்மேல் பனிச்சரிவு விழுந்தது. 54 பேர் சிக்கினார்கள், 8 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் இயங்கும், பனிச்சரிவுகளை ஆராய்ந்து எச்சரிக்கிற டி.ஜி.ஆர்.இ., அந்த மலை மாவட்டங்களுக்கு முந்தைய நாள் மாலையே பனிச்சரிவு எச்சரிக்கை கொடுத்திருந்தது.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு கணக்கு கைகொடுக்கும். நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் புதுப் பனி. சென்னையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் நாம் குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போவோம். அங்கே அதுவே 30 சென்டிமீட்டர் புதுப் பனி. ஒரே நாளில் அவ்வளவு விழுந்தால், காற்றும் சேர்ந்தால், சாய்ந்த இடங்களுக்குப் போகவே கூடாது. வானிலை முன்னறிவிப்பில் அந்த மாவட்டத்துக்கு மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தால் போதும், பனியை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

வைகாசி: ரூபின் கணவாய்

கார்த்தி இதைத்தான் முதலில் படிப்பான். 4,650 மீட்டர். உத்தரகண்டில் ஏறி இமாசலத்தில் சாங்லா பக்கம் இறங்குகிற பயணம். பனிப்பாலங்கள், அருவி, கடைசியில் பனி நிரம்பிய குறுகிய பள்ளத்தின் வழியாகக் கணவாய்க்கு ஏற்றம். அழகைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மே, ஜூனில் ஆபத்து கடிகாரத்தைப் பார்த்து வரும். இரவு பனி இறுகி உறைந்திருந்தால் அதிகாலை ஏற்றம் கல்லில் நடப்பதுபோல். வெயில் ஏறியதும் தண்ணீர் பனிக்குள் இறங்கி, ஈரப் பனி பெயர ஆரம்பிக்கும். மேலேயிருந்து கல்லும் உருளும். அதனால்தான் எல்லாரும் இருட்டோடு கிளம்பி வெயில் உறைப்பதற்குள் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி இறுகாது; அப்போது அதிகாலைக் கிளம்பியும் பயனில்லை. சீனியும் பாளமும் தரும் குழப்பத்தைவிட இது படிக்க எளிது என்பது உண்மை. ஆனால் பள்ளம் நம் மாடிப்படியைவிடச் சாய்வு, இரண்டு பக்கச் சரிவும் அதற்குள்தான் கொட்டும். ஐஸ் கோடரியும், பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முட்களும் பயன்படுத்தத் தெரியாமல் அங்கே நிற்பது சரியில்லை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற பயணம் என்பதால், கணவாயடியில் திரும்பினால் வந்த வழி முழுவதையும் மறுபடி நடக்கவேண்டும். யாருக்கும் அதற்கு மனசு வருவதில்லை.

2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில் நேரு மலையேறும் நிறுவனத்தின் பயிற்சிக் குழுவை மூடிய பனிச்சரிவு 29 பேரைக் கொண்டுபோனது. அதே வருடம் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். தெரிந்தவர்களையும் மலை விடவில்லை என்பதால், தெரியாத நாம் கற்றுக்கொண்டு போகவேண்டும் என்ற என் பிடிவாதம் இன்னும் கூடியது. கார்த்தி, முதலில் உத்தரகாசியிலோ மணாலியிலோ நாலு வாரம் அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடி. அதற்கடுத்த வருடம் ரூபினுக்கு நானும் வருகிறேன்.

அக்டோபர் பற்றி ஒரு வார்த்தை. பருவமழை முடிந்து வானம் தெளிந்திருக்கும் என்று பலர் தசரா, தீபாவளி லீவில் போகிறார்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயல், இரண்டு நாளில் நேபாளத்து அன்னபூர்ணா மலைகளுக்குப் போய்ப் பனியாகக் கொட்டியது. தோரோங் கணவாயிலும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் வங்காள விரிகுடாவில் எழுந்த புயல். சென்னைத் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றுகிற நாட்களில் இமயமலைக்குப் புறப்படுகிறவர்கள், அந்தப் புயல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு ரயிலேறவேண்டும்.

திரும்பி வர மனசு

கேதார்கண்டாவில் அந்தக் கடைசி இரவு காற்று கூடாரத்தைப் பிய்த்துவிடும்போல் அடித்தது. மூன்று மணிக்குக் கிளம்பினோம். மரங்கள் முடிகிற இடத்தில் வழிகாட்டி நின்றார். மேலே ஓர் அடி எடுத்து வைத்தார். 'தொம்' என்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் யாரோ மெத்தையில் விழுந்ததுபோல். காலுக்கடியில் பனி ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது. அவர் உடனே திரும்பிவிட்டார், எல்லாரும் கீழே என்றார். அடியிலிருந்த சீனி நொறுங்குகிற சத்தம் அது என்று எனக்குத் தெரியும், முந்தைய நாள் மதியம்தான் கையில் வாங்கிப் பார்த்திருந்தேன். தெரிந்தும் நான் அவரிடம் வாதாடினேன். எத்தனை மணி நேரம் ரயில், எத்தனை மாதச் சேமிப்பு, எப்படிக் கெஞ்சி வாங்கிய லீவு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். அவர் பதில் சொல்லவில்லை, என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தார்.

டேராடூன்காரருக்கு அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. நமக்கு இல்லை. சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவு கழித்து டெல்லி, அங்கிருந்து டேராடூன், அங்கிருந்து ஒரு முழுப்பகல் ஜீப். திரும்ப வருகிற டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுத்துவிடுகிறோம். மலை எப்படி இருந்தாலும் இந்தத் தேதிக்குள் முடித்தாக வேண்டும் என்று டிக்கெட்டே முடிவு செய்துவிடுகிறது. புதுப் பனி விழுந்த பிறகு வருகிற முதல் இரண்டு நாள்தான் பெரும்பாலும் மிக மோசமானவை. அந்த இரண்டு நாளைச் சும்மா உட்கார்ந்து கழிக்க வழி இருந்தால் ஆபத்தில் பெரும்பங்கு குறைந்துவிடும். அதற்கு வேண்டியது அதிகப்படியான இரண்டு நாள் லீவு. விலை உயர்ந்த ஜாக்கெட்டைவிட நான் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த தீர்ப்பு: தயாரா புக்யால், பிப்ரவரி கடைசி. ரேவதி அக்காவின் இடம், என் மாதம். தையில் போனாலும் தயாரா தாங்கும், ஆனால் பொங்கல் லீவில் உதிரி நாள் சேர்க்க ஆறு பேரில் நாலு பேருக்கு முடியாது. பிரம்மதாலை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். முதல் தடவை பனியில் கால்வைக்கிற மூன்று பேரோடு முகட்டு விளிம்பில் நடக்க நான் தயாராக இல்லை. கேதார்கண்டாவை, ஜான்சன் அண்ணன் கோபித்துக்கொண்டாலும், கிறிஸ்துமஸ் கூட்டத்தில் வேண்டாம்.

கூட்டிப்போகிறவர்களிடம் கேட்க நாங்கள் எழுதி வைத்திருப்பவை சில. 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் விழுந்தால் என்ன செய்வீர்கள்? டி.ஜி.ஆர்.இ. எச்சரிக்கையை யார், எத்தனை மணிக்குப் பார்க்கிறார்? புதைந்தவரைத் தேடும் ட்ரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கோல், மண்வாரி மூன்றும் இருக்கிறதா, இருந்தால் எத்தனை பேருக்குப் பயன்படுத்தத் தெரியும்? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண். வெளிநாட்டிலிருந்து யாராவது சாட்டிலைட் போன் வாங்கித் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் நம் நாட்டில் வைத்திருப்பது குற்றம். எச்சரிக்கையில் ஐந்து படி இருக்கும். நாலும் ஐந்தும் என்றால் எல்லாருமே வீட்டில் இருந்துவிடுவார்கள். வெளிநாடுகளில் அதிகம் பேர் இறப்பது மூன்றாம் படியில்தான், போகலாமா வேண்டாமா என்று இழுக்கிற படி. மூன்று என்றால் தயாராவில் காட்டைத் தாண்டி மென்சரிவுக்கு மட்டும், நாலு என்றால் ரைத்தலிலேயே என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

போன ஞாயிறு கடற்கரையில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கார்த்தி ஒன்றும் பேசாமல் போனில் பயிற்சி வகுப்புத் தேதிகளைத் தேடிக்கொண்டிருந்தான். ஜான்சன் அண்ணன்தான் கேட்டார்: "சரிம்மா, அந்த ரெண்டு நாளும் பனி கொட்டிக்கிட்டே இருந்தா? கிராமத்துல உக்காந்து என்ன பண்றது?"

"என்ன பண்றதுன்னா?" என்றார் ரேவதி அக்கா. "ஜன்னலோரமா உக்காந்து சூடா ராஜ்மா சாதம் சாப்பிட்டுட்டு பனி பெய்யறதப் பாக்கலாம். மெட்ராஸ்ல எங்க கிடைக்கும் அது?"

டிக்கெட் திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கு நான் லாகின் செய்யவேண்டும். திரும்பும் தேதியை இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டோம்.